சுவருக்கு மாவுக்கட்டு

அந்த அம்மா படத்தை உறையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் காலை வேலையை முடித்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தார். தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

“நல்லாப் பாருங்கம்மா,” என்றார். “பொண்ணு இங்க நிக்கிது. மாப்பிள்ள இங்க நிக்கிறாரு. நடுவுல இது என்னா?”

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரியும். மணமக்களுக்குப் பின்னால் இருந்த வெளிர்நீலச் சுவரில், இருவருக்கும் சரியாக நடுவில், மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடியது. அளவுகோல் வைத்து இழுத்தது போல இருந்தது.

“சுவத்துல பலகை சேர்ற எடம் அது,” என்றேன்.

“சேர்ற எடமா? பாத்தா பிரியிற எடம் மாதிரியில்ல இருக்கு. இத எப்படிச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுறது? சம்பந்தி வூட்டுல என்னா சொல்லுவாங்க?”

இன்னொரு முறை இலவசமாக எடுத்துத் தருகிறோம், மணமக்களைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் சுவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

“மறுபடி எடுத்தாலும் இதே சுவருதான இருக்கும்?”

சரி செய்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோலா சிலாங்கூரில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அதை நடத்தியவர் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊரில் எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். மாடியின் தரை மரப்பலகை. கீழே பரோட்டா மாவை ஓங்கி அடித்தால் மேலே எங்கள் பாதத்தில் தெரியும்.

மாடி ஒரே நீள அறையாக இருந்ததால், அதைத் தடுத்து ஒரு பாதியை இருட்டறையாக்கினோம். தடுப்பைப் போட்டுத் தந்தவர் செகிஞ்சானிலிருந்து வந்த சீனத் தச்சர். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் ஜிப்சம் பலகைகளை அறைந்தார். இரண்டு பக்கமும் கெட்டித்தாள் ஒட்டி நடுவில் வெள்ளை மாவு இறுகிய பலகைகள் அவை. ஏதோ அலுவலகத்தைப் பிரித்துக் கட்டியபோது மிஞ்சியவற்றை லோரியில் கொண்டுவந்திருந்தார். நான் பார்த்திருந்த பலகை வீடுகளைவிட அந்தச் சுவர் நேர்த்தியாகத் தெரிந்தது. வெளிர்நீலம் அடித்தோம். மணமக்களை நடுவில் நிற்கவைத்தோம்.

அதற்கு முன்பு கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு நெகட்டிவ் திருத்துகிற வேலை. கூரான பென்சிலால் நெகட்டிவின்மேல் புள்ளி புள்ளியாக வைத்துப் பருவையும் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையையும் எடுப்பேன். ஆகவே எங்கள் சுவரின் கோட்டை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் பென்சிலை எடுத்துப் பத்து நிமிடத்தில் கோட்டை இல்லாமல் ஆக்கிவிடுவேன். ஆனால் கல்யாணத்துக்கு எல்லோரும் கலர்தான் கேட்டார்கள். கலர் பிலிம் கழுவுவதற்கு வெளியே போய்விடும், சிறியதாக வேறு இருக்கும். என் பென்சில் அதில் செல்லாது. படத்தில் திருத்த முடியாததைச் சுவரிலேயே திருத்த வேண்டியதாயிற்று.

எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. குழல் விளக்கின் கீழே நின்று பார்த்தால் அந்தச் சுவரில் கோடே தெரியாது. கையால் தடவினால் லேசாக ஏதோ நெருடும், அவ்வளவுதான். படத்தில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

அந்த அம்மா போன பிறகு சன்னல்களைச் சாத்திவிட்டு, படமெடுக்கும் விளக்கை மட்டும் போட்டேன். அது பக்கவாட்டில் நிற்கும் விளக்கு. அதன் ஒளி சுவரில் நேராக விழாமல் உரசிக்கொண்டு போகும். கோடு பளிச்சென்று எழுந்து நின்றது. விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஒளி சரியச் சரியக் கோடு தடித்தது. இன்னும் தாழ்த்தினால், இல்லையென்று நினைத்திருந்த ஆணித் தலைகளும் ஒவ்வொன்றாக நிழலோடு வந்தன. அம்மை வார்த்த முகம் போல ஆகிவிட்டது எங்கள் சுவர். எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து என்ன தெரியும் என்று பார்க்கிற ஆசைதான் வந்தது. என் கணவர் வந்து கதவைத் தட்டும்வரை விளக்கை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் குழல் விளக்கைப் போட்டுப் பார்த்தார், தலையாட்டினார்.

“சாட் சஜா லா, தங்காச்சி,” என்றார். சாயம் அடித்தால் போதும் என்கிறார்.

தடிப்பாக அடித்தால் மூடிக்கொள்ளும் என்று நாங்களும் நம்பி, கொஞ்சம் விலை உயர்ந்த, மினுமினுக்கும் சாயமாக வாங்கி இரண்டு முறை அடித்தோம். முன்பு கோடாக இருந்தது இப்போது வெயிலில் மின்னும் கால்வாயாகத் தெரிந்தது. மினுங்காத சாயத்தை மறுபடி அதன்மேல் அடித்தேன்.

அடுத்து, மரச்சாமான்களின் ஓட்டை அடைக்கிற பசையை வாங்கிக் கோட்டில் அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்று நாள் அழகாக இருந்தது. நான்காம் நாள் அதே இடத்தில் முடி அளவில் ஒரு விரிசல். அடைத்தேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறையும் வந்தபோது, இதை அடைப்பதைவிட இது எப்போது விரிகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம் என்று தோன்றியது.

நெகட்டிவ்களுக்கு நடுவே வைக்கிற மெல்லிய தாள் ஒன்று உண்டு, ஊதினால் பறக்கும். அதில் நான்கு துண்டு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே பசை வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் தாள் கிழியும், கிழிந்த நேரம் தெரிந்தால் காரணம் தெரியும் என்பது கணக்கு. முதல் சந்தேகம் கீழே பரோட்டா அடிப்பவர்மேல். காலை முழுக்க அவர் அடித்து முடித்தார். தாள் முழுசாக இருந்தது. இரண்டாவது சந்தேகம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போகும் லோரிகள்மேல். நான் சன்னலுக்கும் சுவருக்குமாக நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மாலையில் மழை அடித்துக்கொண்டு பெய்தது. தாள் நனைந்தாற்போல் தளர்ந்தது, கிழியவில்லை.

மறுநாள் முற்பகல் என் கணவர் பிலிம் சுருளோடு இருட்டறைக்குள் போனார். வெளிச்சம் கசியக் கூடாதே என்று எப்போதும் போலக் கதவை இழுத்து ஓங்கிச் சாத்தினார். என் கண்ணெதிரே நான்கு தாளும் மேலிருந்து கீழாகக் கிழிந்தன.

“ஏங்க!” என்று கத்தினேன்.

“என்னா? பிலிம்ம வெளிய எடுத்துட்டேன், இப்ப தொறக்க முடியாது!”

“தொறக்க வேணாம். தொறந்தா மறுபடி சாத்துவீங்க.”

கதவின் நிலை அந்தச் சட்டத்திலேயே அறைந்திருந்தது. அவர் சாத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு பலகைகளும் ஆளுக்கொரு பக்கம் துள்ளியிருக்கின்றன. வெளியே வந்தவரிடம் கிழிந்த தாள்களைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. புதுத் தாள் ஒட்டி, அவரையே மறுபடி சாத்தச் சொன்னேன். சாத்திவிட்டு வந்து பார்த்தார். பிறகு தன் பழைய ஜப்பான் சிலிப்பர் ஒன்றை எடுத்து, அதன் ரப்பரைப் பட்டையாக அறுத்துக் கதவு நிலையில் வரிசையாக அடித்தார். அதற்குப் பிறகு கதவு சத்தமில்லாமல் மூடியது.

விரிசலின் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு பலகையையும் ஒன்றாகப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். அந்த யோசனை நான் எதிர்பார்க்காத ஆளிடமிருந்து வந்தது.

மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போடுவதுதான் அவர் வேலை. என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னை அக்கா என்றார். முக்காலியில் உட்கார்ந்தவர் கேமராவைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, சுவத்துக்கு எலும்பு முறிஞ்சி போச்சா?”

நான் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து போய் விரலால் தடவினார்.

“வெறும் மாவ மட்டும் அப்புனீங்களா? துணி வைக்கலியா? மாவு தனியா நிக்காதுக்கா. கைய ஆட்டுனா ஒடைஞ்சிரும். துணிதான் புடிக்கும், மாவு சும்மா அத வெறைப்பாக்கும், அவ்ளோதான்.”

“சுவத்துக்கும் அப்படித்தானா அண்ணே?”

“தெரியல. செஞ்சி பாத்தாத்தான் தெரியும். எனக்கும் பாக்கணும் போல இருக்கு லா.”

ஞாயிற்றுக்கிழமை காலை உண்மையாகவே வந்துவிட்டார். நான் மருந்துக் கடையில் காயத்துக்குக் கட்டும் வலைத்துணியும், எலும்புக்குக் கட்டுப் போடுகிற மாவும் வாங்கி வைத்திருந்தேன். துணியை நான்கு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டினோம். மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அவர் மாவைத் தூவினார். கரைத்தது தயிர் போல ஆனதும் கோட்டில் தடவி, நாடாவை மேலிருந்து கீழாக வைத்து அழுத்தி, அதன்மேல் இன்னொரு பூச்சு. அவர் கை போன வேகத்தைப் பார்த்து நானும் ஒரு மங்கு கரைத்தேன். பாதி பூசுவதற்குள் மங்கில் இருந்தது கல்லாகிவிட்டது. மங்கைத் தொட்டால் சுடுகிறது! அடுப்பில்லை, நெருப்பில்லை, பச்சைத் தண்ணீரில் கரைத்த மாவு தானாகச் சூடாகிறது. நான் இரண்டு கையாலும் மங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

“கட்டு போடுறப்ப சின்னப் புள்ளைங்க அழுவும்,” என்றார் அவர். “சுடுது சுடுதுன்னு. எறுகுறப்ப அப்படித்தான். கொஞ்ச நேரத்துல ஆறிடும்.”

விரிசல் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆனால் இப்போது கோடு இருந்த இடத்தில் ஒரு மேடு. கையில் போட்ட கட்டு போலவே புடைத்துக்கொண்டு நின்றது. விளக்கைப் போட்டால் முன்பைவிடப் பெரிய நிழல்.

“கையில கட்டு பொடைப்பா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க,” என்று அவர் தலையைச் சொறிந்தார். “ஆறு வாரத்துல வெட்டி எடுத்துருவோம்ல.”

திங்கட்கிழமை நான் உப்புத்தாளை எடுத்து அந்த மேட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். இரும்பு மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் தேய்த்திருப்பேன். மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். காக்கா வந்து நின்றார். தோளில் இருந்த துண்டு, மீசை, தொப்பி எல்லாம் வெள்ளை.

“தங்கச்சி, கீழ வந்து பாரும்மா. மீன் கறியில பனி பெய்யிது.”

மரப்பலகை இடுக்குகள் வழியாகத் தூசு முழுக்கக் கீழே இறங்கியிருக்கிறது. சாப்பிட வந்தவர்கள் தட்டைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சட்டிக் கறியை அவர் கொட்ட வேண்டியதாயிற்று. நானும் என் கணவரும் அன்று மத்தியானம் முழுக்க அவர் கடை மேசைகளைத் துடைத்தோம். காக்கா திட்டவில்லை, ஆனால் நாங்கள் கிளம்பும்போது தெளிவாகச் சொன்னார்.

“சுவத்த என்னா வேணா செய்யுங்க. தூசு மட்டும் வரக் கூடாது.”

தேய்க்காமல் சுவரை எப்படி வழவழப்பாக்குவது? அந்தத் தடை மட்டும் இல்லாவிட்டால் நான் தேய்த்துத் தேய்த்தே துணியை வெளியே கொண்டுவந்திருப்பேன். மூன்று நாள் அதையே யோசித்தேன். தூசு பறக்கக் கூடாது என்றால் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் இந்த மாவு இறுகினால் தண்ணீருக்கு மசியாது. மசிகிற வேறு ஏதாவது வேண்டும். என் கணவர் கிள்ளானில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கேட்டு, சுவர் பூசுகிற வெள்ளைப் பொடி ஒரு பை வாங்கி வந்தார். மெதுவாகக் காயும். காய்ந்த பிறகும் ஈரப் பஞ்சு பட்டால் மேல்தோல் இளகும்.

பூசுகிற கரண்டிக்கும் ஒரு வழி கிடைத்தது. கடையில் விற்கிற கரண்டி நான்கு விரல் அகலம். அது போன இடமெல்லாம் இரண்டு ஓரத்திலும் வரப்பு கட்டிவிட்டது. எங்களிடம் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பளபளப்பு ஏற்றுகிற மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, கீறல் விழுந்து சும்மா கிடந்தது. தகரக் கடையில் கொடுத்து அதை இரண்டு சாண் அகலத்துக்கு வெட்டி, ஒரு ஓரத்தில் மரப்பிடி வைத்து வாங்கினேன். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும்.

மேட்டைக் குறைக்க முடியாது என்பதை அதற்குள் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். மறுபடி விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நிழல் மேட்டின் உயரத்தால் வரவில்லை, அது சட்டென்று எழுவதால் வருகிறது. மெதுவாக எழுந்து மெதுவாக இறங்கினால் நிழலுக்கு உட்கார இடமிருக்காது. ஆகவே மேட்டின் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூசினேன். மறுநாள் அது காய்ந்ததும் இரண்டு சாண் அகலத்துக்கு, இன்னும் மெல்லியதாக. கடைசிப் பூச்சு ஓரத்தில் எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாதபடி இழுத்தேன். இடையிடையே சன்னலைச் சாத்தி, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நிழல் காட்டிய இடத்தில் ஈரப் பஞ்சை வட்டமாக ஓட்டினேன். ஒரு துளித் தூசு கீழே போகவில்லை. காக்கா இரண்டு முறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிந்ததும் நீளமான மர அளவுகோலைச் சுவரில் குறுக்கே வைத்தேன். நடுவில் முட்டி, இரண்டு முனையும் சீசாப் பலகை மாதிரி ஆடின. என் கணவர் முகம் வாடிவிட்டது.

“இவ்வளவு செஞ்சும் சமமா இல்லியே.”

“இல்லதான்,” என்றேன். “முன்ன இருந்ததவிட இப்ப ஜாஸ்தி மேடு. வெளக்கப் போடுங்க.”

போட்டார். பக்கத்திலிருந்து, மேலிருந்து, தரையோடு வைத்து, எல்லா விதமாகவும் ஒளியைத் திருப்பினார். சுவர் ஒரே வெளிர்நீலமாக நின்றது. அவர் அளவுகோலை எடுத்து மறுபடி வைத்தார், ஆடியது. விளக்கைப் பார்த்தார், கோடில்லை. நாலைந்து தடவை அப்படிச் செய்துவிட்டு, “அப்ப எது உண்மெ?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

எஸ்டேட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். மணமக்கள் வந்தபோது பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். கூறைச் சேலையின் கொசுவம் முன்பு போல நிற்கவில்லை என்று அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பூங்கொத்தைக் கொஞ்சம் கீழே பிடிக்கச் சொன்னேன். படம் வந்த அன்று அந்த அம்மாவே மறுபடி வந்தார். சன்னலோரம் கொண்டுபோய்ப் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கோட்ட எப்படி அழிச்சீங்க?”

“அழிக்கலம்மா. அகலமாக்கிட்டேன்.”

அவருக்கு அது விளங்கவில்லை. விளக்கச் சொல்லவும் இல்லை. “மாப்பிள்ளதான் இதுல கொஞ்சம் எளச்சித் தெரியிறாரு,” என்று சொல்லிவிட்டு, படத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்துச் செகிஞ்சான் தச்சர் வேறு வேலையாக வந்து மாடி ஏறினார். பக்கத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவர் முன்னால் நின்றார், கையால் தடவினார், என் எஃகுத் தகட்டை வாங்கி வளைத்துப் பார்த்தார். தஞ்சோங் காராங்கில் ஒரு டாக்டர் புதிதாக கிளினிக் திறக்கிறார், அங்கே பதினாறு பலகை அறைந்திருக்கிறேன், நீ வந்து மூட்டுகளை முடித்துத் தருவாயா என்று மலாயில் கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன்.

“என்னைய ஏன் பாக்குற? ஒனக்கு ஆசையா இருந்தா போ லா. ஸ்டூடியோவ நான் பாத்துக்கிறேன்.”

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விட்டார். மடியில் பொடிப் பை, முதுகில் துணியில் சுற்றிய தகடு. கிளினிக்கில் வேலை செய்த மற்றவர்கள் சேலையைச் செருகிக்கொண்டு நின்ற என்னை, டாக்டரைத் தேடி வந்த நோயாளி என்று நினைத்து உட்காரச் சொன்னார்கள். தச்சர்தான் வந்து சொன்னார்.

அங்கே மின்சாரம் இன்னும் இழுத்திருக்கவில்லை, விளக்கில்லை. எப்படிப் பார்ப்பது என்று முதல் நாள் தவித்துப்போனேன். மேற்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே வயல். ஐந்தரை மணி தாண்டியதும் வெயில் நெல்லுக்கு மேலே தாழ்ந்து, சன்னல் வழியாக நுழைந்து, சுவரோடு சுவராக உரசிக்கொண்டு போனது. மூட்டுகள், ஆணித் தலைகள், தச்சரின் சுத்தியல் பட்ட பள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து வந்தன. நான் பஞ்சை நனைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காலையில் பூசிவிட்டு, மதியம் ஸ்டூடியோவுக்குத் திரும்பி, ஐந்து மணி பஸ்ஸில் மறுபடி வருவேன். ஒன்றரை மணி நேரம் அந்த வெயில் இருக்கும். அதற்குள் எட்டியவரை பார்த்துத் திருத்திவிடுவேன்.